கல்லூரிதான் புதிது, ஆஸ்பத்திரி பழையது

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): டாக்டர் மேடம், தேனி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டாவது தடவை நீட் எழுதி, மாநிலக் கலந்தாய்வில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அது 2022-இல் தொடங்கிய புதுக் கல்லூரி. அதே நேரத்தில் சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் இடம் வந்திருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது பாட்டிக்கு அங்கேதான் இதய ஆபரேஷன் நடந்தது, அன்றிலிருந்து அதுதான் என் கனவு. அங்கே ஆண்டுக்கு 22 லட்சம் கட்டணம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டரை லட்சம். அரசுக் கல்லூரியில் எல்லாம் சேர்த்தே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் முடியும். அப்பா பள்ளி ஆசிரியர், 53 வயது. தோப்பை விற்றால் 45 லட்சம், பி.எஃப்., நகை எல்லாம் சேர்த்து 20 லட்சம், வீட்டை வைத்து 60 லட்சம் கல்விக் கடன் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார். "நிலம் எதுக்கு இருக்கு, பிள்ளைங்க படிக்கத்தானே" என்கிறார். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். புதுக் கல்லூரியில் படித்தால் பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) கிடைக்குமா, ஆராய்ச்சி, வெளிநாடு எல்லாம் நடக்குமா என்று பயமாக இருக்கிறது. அடுத்த புதன்கிழமைக்குள் சேர வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

உனக்கு என் மகள் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். புதன்கிழமை கெடு வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துப் பேச நேரம் இல்லை. அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிடு. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், படித்துவிட்டு உன் மனசு வேறு மாதிரிச் சொன்னால் அது உன் முடிவு.

முதலில் பணம். அதைப் பேசினால் கனவைக் கொச்சைப்படுத்துவதாக நினைத்துப் பல வீடுகளில் அந்தப் பேச்சையே ஒதுக்கிவிடுகிறார்கள். உன் அப்பா ஒன்றேகால் கோடி வரை கணக்குப் போட்டிருக்கிறார், சரி. ஆனால் அந்த 60 லட்சம் கடன் 60 லட்சமாகவே நிற்காது. கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள், அது உண்மைதான், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஆண்டுக்கு 12 லட்சமாக ஐந்து தடவை வாங்குகிறீர்கள், வட்டி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள். படிப்பு ஐந்தரை ஆண்டு, மேலே ஓர் ஆண்டு, ஆக ஆறரை ஆண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது தனி வட்டியாகப் போட்டால்கூட 27 லட்சம் சேர்ந்திருக்கும். அப்போது கடன் 87 லட்சம். அதைப் பதினைந்து ஆண்டில் அடைக்க வேண்டும் என்றால் மாதத் தவணை 93,500 ரூபாயை ஒட்டி வரும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 68 லட்சம் போயிருக்கும். நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், எந்த வங்கியின் தவணைக் கணக்குப் பக்கத்திலும் நீயே போட்டுப் பார்.

அந்த முதல் தவணை வரும் மாதத்தில் யார் எங்கே இருப்பீர்கள் என்று யோசி. உன் அப்பாவுக்கு ஐம்பத்தொன்பதரை வயது. அறுபதில் ஓய்வு. தோப்பு இல்லை, பி.எஃப். இல்லை, வீட்டுப் பத்திரம் வங்கியில். தம்பி கல்லூரி முடித்திருந்தால் பெரிய விஷயம். உனக்கு இருபத்துநான்கரை வயது. நீ ஹவுஸ் சர்ஜன் என்ற ஓராண்டுப் பயிற்சியை முடித்து நீட் பி.ஜி.க்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டிய காலம் அது, இல்லை என்றால் பி.ஜி. முதலாண்டில் மூன்று நாளுக்கு ஒரு முறை முப்பத்தாறு மணி நேரம் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய காலம். அப்போது உனக்கு வரும் உதவித்தொகை அந்தத் தவணையைத் தொடாது. தமிழ்நாட்டில் அரசு உதவி மருத்துவராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்குகிறது, படிகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய முழுச் சம்பளமும் தவணைக்கே போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். என்னுடைய யூனிட்டில் சில மாதங்கள் இருந்தவன், ரொம்பக் கெட்டிக்காரன், குழந்தைகள் வார்டில் நின்றால் எந்தக் குழந்தையும் அழுகையை நிறுத்தும், குழந்தை மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று இருந்தான். நிறையக் கடன் வாங்கி ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்திருந்தான். பி.ஜி. தேர்வுக்கு ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்க அவனுக்கு வழியில்லை. பகலில் ஒரு ஆஸ்பத்திரி, இரவில் இன்னொரு ஆஸ்பத்திரி என்று டியூட்டி டாக்டராக ஓடினான், கிடைத்த நேரத்தில் படித்தான், தேர்வு எழுதினான், ரேங்க் வரவில்லை, மறுபடி எழுதினான், அப்புறம் எழுதுவதை விட்டுவிட்டான். இப்போதும் டியூட்டி டாக்டர்தான். நல்ல டாக்டர், அவனிடம் யார் போனாலும் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் அவன் ஆக நினைத்தது வேறு, அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது கடன். கடன் உள்ள டாக்டர் எந்தத் துறை, எந்த ஊர், எந்த வேலை என்று தேர்ந்தெடுப்பது குறைவு, தவணைதான் தேர்ந்தெடுக்கும். நீ டெர்மட்டாலஜி (தோல் மருத்துவம்) படிக்க விரும்பி அதைப் படித்தால் சரி, அதில் சீக்கிரம் பணம் வரும் என்பதற்காகப் படித்தால் நாற்பது வயதில் காலையில் எழுந்திருக்கவே சலிப்பாக இருக்கும்.

இப்போது உன் பயங்களுக்கு வருகிறேன்.

பி.ஜி. கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். நீட் பி.ஜி.யில் நீ எம்.பி.பி.எஸ். எங்கே படித்தாய் என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. 200 கேள்வி, 800 மதிப்பெண், ரேங்க், அவ்வளவுதான். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., நிம்ஹான்ஸ் போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு எல்லாம் சேர்த்து ஐ.என்.ஐ. சி.இ.டி. என்று தனித் தேர்வு இருக்கிறது, அங்கேயும் பெரும்பாலும் ரேங்க்தான் கணக்கு. அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி மாநில இடங்களில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு என்று தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு அந்த வழியில் எம்.டி., எம்.எஸ். படித்தவர்கள் என்னோடு வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர். கடன் இல்லாதவளுக்கு இந்த வழியும் திறந்தே இருக்கும்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1991-இல், நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில், எனக்கு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்தான் கனவு. 1835-இல் தொடங்கிய கல்லூரி, முத்துலட்சுமி ரெட்டி படித்த கல்லூரி என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கிடைத்தது திருநெல்வேலி. ஒரு மாதம் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். எட்டு வருஷம் கழித்து, 1999-இல், எம்.டி. படிக்க அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அங்கே இருந்த பெரிய பெரிய யூனிட்கள், அபூர்வமான கேஸ்கள், அந்தக் கேஸ்களைப் பற்றி மதியம் மூன்று மணி வரை பேசும் பேராசிரியர்கள், இதெல்லாம் பதினெட்டு வயதில் எனக்குக் கிடைத்திருந்தால் பாதிக்கு மேல் தலைக்கு மேலே போயிருக்கும். பி.ஜி. வயதில் கிடைத்தபோது ஒரு பருக்கையைக்கூடச் சிந்தாமல் சாப்பிட்டேன். எம்.பி.பி.எஸ்.ஸை விடவும் முதுநிலைப் படிப்பை எங்கே படிக்கிறோம் என்பதுதான் ஒரு மருத்துவரை உருவாக்குகிறது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். பெரிய கல்லூரிக் கனவைக் கைவிடச் சொல்லவில்லை, ஐந்தரை வருஷம் தள்ளிவை என்கிறேன். அப்போது அது உனக்கு இன்னும் அதிகம் உதவும், செலவும் மிகக் குறைவாக இருக்கும்.

சரி, எம்.பி.பி.எஸ்.ஸில் என்னதான் கற்றுக்கொள்ள வேண்டும்? நோயாளியைத் தொட, பேச, கேட்க. பயந்து நடுங்கும் கையால் முதல் கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சின்னக் குழாய்) போட்டு, அப்புறம் நடுங்காத கையால் நூறாவது கேனுலா போட. இதற்கு நோயாளிகள் வேண்டும், நிறைய வேண்டும், எல்லா விதமான நோயோடும் வேண்டும்.

உன் கல்லூரியைப் "புதுசு" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், கிருஷ்ணகிரி, அரியலூர், கள்ளக்குறிச்சி, இந்த மாவட்டங்களில். ஏற்கெனவே இருக்கும் மாவட்ட மருத்துவமனையோடு இணைத்துக் கல்லூரி தொடங்கும் திட்டத்தில் வந்தவை இவை, மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. கல்லூரிதான் புதிது, ஆஸ்பத்திரி பழையது. அரசு ஆஸ்பத்திரி என்ற பெயரில் பல பத்து வருஷங்களாக அந்த மாவட்டம் முழுவதும் நோய் என்றால் ஓடி வந்த இடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பும் சிக்கலான பிரசவமும், கண்மாய்க் கரையில் பாம்பு கடித்தவரும், மூன்று மாத இருமலோடு வரும் கொத்தனாரும், சர்க்கரை நோயில் கால் அழுகி வரும் அம்மாவும் நீ அங்கே போவதற்கு முன்பிருந்தே அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, வாழைத் தோட்டத்தில் பாம்பு கடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பாம்பு என்று பார்க்கவில்லை. எனக்குப் பாடப் புத்தகம் மனப்பாடம், ஆனால் கை ஓடவில்லை. வார்டில் இருந்த மூத்த நர்ஸ் அக்கா ஒரு காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயை என் கையில் கொடுத்தார். ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து இதில் விடுங்க டாக்டர், ஆட்டாதீங்க, இருபது நிமிஷம் தொடாதீங்க, அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாருங்க என்றார். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தேன், ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம். விஷமுறிவு மருந்தைத் தொடங்கினோம், அந்தப் பெண் ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் அந்தச் சோதனை தப்பாகிவிடும் என்பதைக்கூட அந்த அக்காவிடம்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் ஒரு மாணவியிடம் அந்தக் குழாயைக் கொடுக்கும்போது அந்த ராத்திரியில் பெய்த மழைச் சத்தம் காதில் கேட்கிறது. இந்த மாதிரி ராத்திரிகள் மாவட்ட மருத்துவமனையில் படிப்பவர்களுக்கு நிறையக் கிடைக்கும். பணம் கட்டி வைத்தியம் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் மாணவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே அதிகம். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை, நோயாளிகள் நிரம்பிய மிக நல்ல தனியார் மருத்துவக் கல்லூரிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டிருந்தாய். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்று குறுகிய கால ஆய்வு உதவித்தொகை ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது. இரண்டு மாதம், ஒரு சின்ன ஆய்வு, உன் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருந்தால் போதும். நாட்டில் எந்த அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டில் சமூக மருத்துவத் துறையில் போய் ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள், மாவட்டத்தில் எத்தனையோ கேள்விகள் பதில் இல்லாமல் கிடக்கின்றன.

வெளிநாடு பற்றியும் ஒரு வரி. 2023-இல் நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பத்து ஆண்டுக்குக் கிடைத்தது. அதனால் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர், அது சென்னையோ சிறு ஊரோ, அமெரிக்காவில் மருத்துவராக எழுத வேண்டிய தேர்வுகளை எழுதத் தடையில்லை. அந்தத் தேர்வுகளுக்கும் விமானத்துக்கும் செலவாகும் லட்சங்களை, கடன் இல்லாத வீடு கொடுக்க முடியும். இந்தக் கோணத்தை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி, புதுக் கல்லூரியில் உனக்குக் குறையப்போவது எது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில துறைகளில் பேராசிரியர் இடம் காலியாக இருக்கலாம், வந்தவரும் மாறுதலில் போய்விடலாம். இதயம், மூளை, சிறுநீரகம் போன்ற உயர் சிறப்புத் துறைகள் முழுதாக இருக்காது, பாட்டிக்கு நடந்த மாதிரி ஆபரேஷனை நீ அங்கே பார்க்க மாட்டாய். கைபிடித்துக் கூட்டிப்போகும் சீனியர் கூட்டம் பழைய கல்லூரிகளில் இருக்கும் அளவுக்கு இருக்காது, உலகம் முழுவதும் பரவிய முன்னாள் மாணவர்கள் கிடையாது. விடுதித் தண்ணீரும் மெஸ் சாப்பாடும் உன் வீட்டு மாதிரி இருக்காது. இந்தக் குறைகள் நிஜம், சில நாள் ரொம்ப வருத்தமாகவும் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் நீயே ஈடுகட்டக்கூடியவை. வகுப்பில் பாடம் சரியாக நடக்காவிட்டால் இன்றைக்கு நல்ல ஆசிரியர்களின் பாடங்கள் போனிலேயே இருக்கின்றன, நாங்கள் படித்தபோது அது இல்லை. பார்க்காத ஆபரேஷனை விருப்பப் பயிற்சிக் காலத்திலோ விடுமுறையிலோ மதுரையிலோ சென்னையிலோ அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்கலாம். நோயாளி இல்லாத குறையை மட்டும் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது, அந்தக் குறை உனக்கு அங்கே இல்லை.

எப்போது நான் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்று கேட்டால், உன் வீட்டில் தோப்பையும் வீட்டையும் தொடாமல் அந்த ஒன்றேகால் கோடி இருந்திருந்தால், போய் ஆசைப்பட்ட இடத்தில் படி என்றிருப்பேன். அல்லது உனக்கு எதிரே இருக்கும் மலிவான இடம் வார்டில் கட்டில் காலியாகக் கிடக்கும் ஏதோ ஒரு கல்லூரி என்றால் யோசி என்றிருப்பேன். குறைந்த கட்டணம் என்ற ஒரே காரணத்துக்காக நோயாளியே வராத கல்லூரியில் சேர்ந்து கஷ்டப்படுபவர்களை எனக்குத் தெரியும். ஒரு கல்லூரிக்கு 150 மாணவர் இடம் வேண்டும் என்றால் அறுநூறுக்கு மேல் படுக்கை இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. படுக்கை இருப்பது ஒன்று, அதில் ஆள் படுத்திருப்பது இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டாவது பற்றிக் கவலையே வேண்டாம், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பதுதான் நம் வருத்தம்.

பாட்டிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஓர் இளம் டாக்டரம்மா ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தைப் படம் போட்டு, எந்த ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று உன் பாட்டிக்கே புரியும்படி சொன்னதாகவும், அந்தச் சீட்டை நீ இன்னும் வைத்திருப்பதாகவும் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்து அப்படியே நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைப் பற்றியோ ஆய்வகத்தைப் பற்றியோ நீ இத்தனை வரி எழுதவில்லை. நீ ஆக விரும்புவது அந்த டாக்டரம்மா. அவர் எம்.பி.பி.எஸ். எங்கே படித்தார் என்று நீ கேட்டாயா? அது உன் கடிதத்தில் இல்லை. அது உனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை, பாட்டிக்கும் தோன்றவில்லை. நாளைக்கு உன் எதிரே உட்காரப்போகும் பாட்டிகளுக்கும் தோன்றாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இதுதான் உனக்குப் பெரிய தயக்கம் என்று நினைக்கிறேன். தோப்பை விற்கத் தயாராக இருக்கும் அப்பாவிடம் வேண்டாம் என்றால் அவருடைய பாசத்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய். அதனால் "நமக்கு வசதி இல்லப்பா" என்று ஆரம்பிக்காதே, அது அவரைக் குத்தும். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. தவணை தொடங்கும் ஆண்டை எழுதி, அதற்குப் பக்கத்தில் அவருடைய வயதை, உன் வயதை, தம்பியின் வயதை எழுது. அப்பா கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், ஆசிரியர், தாளைப் பார்த்ததும் அவருக்கே விளங்கும். அப்புறம், தோப்பு இருக்கட்டும்ப்பா, நான் எம்.டி. படிக்கும்போது தேவைப்பட்டால் கேட்கிறேன் என்று சொல். அந்த வார்த்தை அவருக்கு வேண்டியிருக்கும். அவர் உனக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறார், அந்த வாசலை மூடாதே. அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசு. நகை போவதைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறார் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இன்னும் சில விஷயம், அவசரமாக. நிகர்நிலைக் கலந்தாய்வுக்கு நீ கட்டியிருக்கும் 2 லட்சம் வைப்புத்தொகையைப் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். முதல் சுற்றில் வந்த இடம் என்றால் சேராமல் விட்டாலும் அது திரும்ப வரும். இரண்டாம் சுற்று என்றால் போய்விடும். போகட்டும், ஒன்றேகால் கோடியைக் காப்பாற்ற அது பெரிய விலை கிடையாது. அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிறகு பாதியில் விட்டால் அபராதம் உண்டா, அடுத்த சுற்றில் கல்லூரி மாற முடியுமா என்பதைத் தகவல் கையேட்டில் நீயே வரி வரியாகப் படி, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று விட்டுவிடாதே. அப்புறம், இந்த நாட்களில் உன் அப்பாவின் போனுக்கு யார் யாரோ பேசுவார்கள், கல்லூரியில் ஆள் தெரியும், கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் கட்டணத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று. நிகர்நிலை இடங்கள் மத்தியக் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன, நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், அந்த எண்ணைத் தடுத்துவிடச் சொல்.

இதையெல்லாம் மீறி அப்பா சென்னைதான் என்று பிடிவாதமாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை மட்டுமாவது கேளுங்கள். கட்டணம் நாலரை ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுக்கா. ஆண்டுதோறும் ஏறுமா, ஏறினால் எவ்வளவு. தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் இந்த 22 லட்சத்தில் அடக்கமா. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும், நீங்கள் வைக்கப்போவது குடியிருக்கும் வீடு.

புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. கல்லூரிக் கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம், எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் போய் நில், வரிசை எவ்வளவு தூரம் போகிறது என்று பார். பத்து மணிக்குப் பொது மருத்துவ வார்டின் வெளியே நின்றால் மாணவர்கள் கேஸ் பார்த்துவிட்டு வருவார்கள், பெண்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடு. வாரத்தில் எத்தனை நாள் சார் வந்து பெட்சைடில் பாடம் எடுக்கிறார், பிரசவ வார்டில் ஹவுஸ் சர்ஜன்கள் கையால் பார்க்கிறார்களா, இரவு டியூட்டி அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கிருந்து விடுதிக்கு வரும் வழியில் விளக்கு எரிகிறதா, இதெல்லாம் கேள். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதிலை அப்பாவும் கேட்கட்டும், சரியில்லை என்றால் சேர்ந்த முதல் வாரமே முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். பாட்டிக்கு உடம்பு சௌகரியமாக இருந்தால் அவரையும் அழைத்துப் போ. அந்த ஓ.பி. சீட்டையும் பையில் வைத்துக்கொள்.